இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு கிணறு

படகிலிருந்து வீசும் கயிற்றை அவள் ஒருநாளும் தவற விட்டதில்லை. படகை ஓட்டும் சாரங்கு சுருட்டி வீசுவார். அவள் ஒரு கையால் எட்டிப் பிடித்து, துறையில் நட்டிருக்கும் இரும்பு முளையில் சுற்றி இழுப்பாள். அத்தனை பேர் ஏறிய படகு, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அடங்கி நிற்கும். தீவில் எல்லோருக்கும் அவள் ‘கயிறு அக்கா’. கோபம் வந்தால் கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

துறைக்கு எதிரே நீளமான பழைய கட்டிடம். அதன் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ஜன்னலுக்கும் முளைக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் இருவரும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

“சாரங்கு அண்ணே, கயிறு பிடிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. இந்த நடைக்கு ஆட்டுக்குட்டி ஏறுது, பலகையை ஒழுங்கா போடணும்” என்று ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“எனக்கு இன்னும் காது செவிடாகலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே” என்பாள் அக்கா.

“படகு ஓட்டத்தான்மா எனக்குச் சம்பளம். தூது போக ஒரு புறாவைப் பிடிச்சு வெச்சுக்குங்க!” என்று தலையில் அடித்துக்கொள்வார் சாரங்கு.

இந்தத் தீவில் மனிதர்கள் கால் வைத்ததே தண்ணீருக்காகத்தான். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, நட்டநடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கும். தீவின் நடுவில்தான் அது ஆழமாகத் தேங்கும். கப்பல்காரர்கள் பீப்பாய் நிரப்ப வந்தார்கள், சிலர் தங்கிவிட்டார்கள். பிறகொரு காலத்தில், காய்ச்சல் கண்ட பயணிகளைக் கரைக்குள் விடாமல் இங்கே இறக்கினார்கள். அவர்களுக்காகக் கட்டியதுதான் அந்த நீளக் கட்டிடம். கம்பி ஜன்னல் வழியே சோற்றை நீட்டிவிட்டு, முகம் பாராமல் திரும்பிவிடுவார்களாம். காய்ச்சல் என்றோ போய்விட்டது. முகம் பாராத பழக்கம் மட்டும் இந்த இரண்டு பெண்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்பா சாகும் முன்பு இருவரையும் அந்தக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார். “நம்ம நிலத்துல, கிணத்துல இருந்து மேற்கே கடல் வரைக்கும் ஒருத்திக்கு. கிழக்கே கடல் வரைக்கும் ஒருத்திக்கு. கிணறு நடுவுல, ரெண்டு பேருக்கும் பொது. பெரியவளே, நீ முதல்ல சொல்லு.”

மேற்கே, கிணற்றை ஒட்டியே வீடும், அதைத் தாண்டி மரங்களும் இருந்தன. கிழக்கே கால் புதையும் சேறு. பெரியவள் மேற்கை எடுத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “உனக்கென்னடி, நண்டு பிடிச்சுப் பிழைச்சுக்கோ” என்று சிரித்தும் விட்டாள். சின்னவள் அன்று மூடிய வாயை அக்காவிடம் திறக்கவே இல்லை.

கடலுக்கு நாக்கு இல்லை என்று யார் சொன்னது? ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது மேற்கே மண்ணை நக்கி எடுத்தது, கிழக்கே கொண்டுபோய்த் துப்பியது. சேறு மேடானது, மேட்டில் புல் வந்தது, புல்லில் தங்கையின் வீடு எழுந்தது. அக்காவின் மரங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சாய்ந்தன. இப்போது அவள் சமையலறைச் சுவருக்குப் பின்னால் அலை வந்து போகிறது.

அவள் கணவர் தையல்காரர். உப்புக்காற்றில் இறுகிய மெஷினுக்கு எண்ணெய் விட்டபடியே ஒருநாள் சொன்னார். “இந்த மழைக்கு வீடு தாங்காது. பிரிச்சு எடுத்துட்டுப் போய்க் கிழக்க போட்டுக்கலாம். உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்.”

“செத்தாலும் கேக்க மாட்டேன்.”

“வீட்டுக்குத்தான் நீச்சல் தெரியாது. உன் வீறாப்புக்காவது தெரியுமா?”

வீறாப்பா அது? சிரித்த வாயால் எப்படிக் கேட்பது என்ற வெட்கம். அதைக் கணவரிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் ஒன்று இருந்தது. தினமும் விடிந்ததும் தங்கை குடத்தோடு அந்தக் கிணற்றுக்கு வருவாள். அவள் வருவதற்குள் அக்கா ஒரு வாளி இறைத்துக் கிணற்றுச்சுவரில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தங்கை அதைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். பேச்சு இல்லை. ஆனால் கவிழ்ந்திருக்கும் அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குப் பொழுது விடியும்.

ஒருநாள் தேநீரை வாயில் வைத்த கணவர் துப்பினார். “கடல் வாசல்ல நின்னு கேக்காம நேரா அடுப்படிக்கே வந்துடுச்சு!” கிணறு உப்பாகிவிட்டது.

மறுநாள் தங்கை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாளி நிறைந்தபடியே கிடந்தது. மூன்றாம் நாள் துறையில் சாரங்குதான் வாயை விட்டார். “தெரியுமா உனக்கு? உன் தங்கச்சி தன்னோட இடத்துல புதுக்கிணறு வெட்டியிருக்கா. தண்ணி கல்கண்டா இருக்காம்!”

இனி அவள் வரமாட்டாள். நிலம் போனது, மரம் போனது, வீடும் போகப்போகிறது. அந்தக் கவிழ்த்த வாளியும் போய்விட்டதா? கண்ணீர் கண்ணை மறைத்தது. சாரங்கு வீசிய கயிறு அவள் விரல் நுனியைத் தொட்டு, சொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

படகில் இருந்தவர்கள் “ஐயோ” என்றார்கள். படகு விலகி ஆடியது. ஜன்னல் கதவு படாரென்று சாத்தும் சத்தம். அடுத்த நிமிஷம் தங்கை துறைப்படியில் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். முளையில் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு நிமிர்ந்தாள்.

“கண்ணை எங்க வெச்சுட்டு நிக்கிற?”

சாரங்கைப் பார்த்து அல்ல. நேராக அக்காவைப் பார்த்து.

“நீதான் கிணறு வெட்டிட்டியே. இனிமே என் வாசலுக்கு எதுக்கு வரப்போற?” என்றாள் அக்கா.

“வா என்கூட.”

டிக்கெட் வாங்க நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தன் வீடு வரைக்கும் போகவில்லை. வீடு கிழக்கே தொலைவில் தெரிந்தது. பாதி வழியில், புல்வெளிக்கு நடுவே, ஈரமண் குவிந்த புதுக்கிணறு.

“உன் வீட்டு வாசலை விட்டுட்டு இங்க எதுக்குடி வெட்டுன?”

“திரும்பிப் பாரு. அந்தப்பக்கம் எவ்வளவு தூரத்துல கடல்? இந்தப்பக்கம் எவ்வளவு தூரத்துல? இப்போ இதுதான் நடு. இங்கதான் நல்ல தண்ணி. அப்பா என்ன சொன்னாரு? கிணறு நடுவுல இருக்கணும். மேற்க ஒருத்திக்கு, கிழக்க ஒருத்திக்கு.” தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நல்ல தண்ணி நிலைக்குதான்னு பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இதுல இருந்து மேற்க எல்லாம் உன்னுது. மழைக்கு முன்னால வீட்டைப் பிரிச்சு எடுத்துட்டு வா.”

“அது உன் பங்கு நிலம்டி...”

“கடல் உன்கிட்ட பிடுங்கி என்கிட்ட கொடுத்தது. திருட்டுச் சொத்து எனக்கு எதுக்கு?” என்றவள், கொஞ்சம் நிறுத்தி, “நண்டு மட்டும் தரமாட்டேன்” என்றாள்.

அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை. தங்கை ஒரு வாளி இறைத்துச் சுவரில் வைத்தாள். அக்கா இரண்டு கையையும் குவித்து அள்ளிக் குடித்தாள்.

“லேசா உப்புக் கரிக்குதே?”

“அது நீ அழுதது. மூஞ்சியைத் துடைச்சுட்டு மறுபடி குடி.”

துறையிலிருந்து சாரங்கின் சங்கு விடாமல் ஊதியது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். மிச்சத்தைத் தங்கை குடித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.