பதினொரு மாதம் ரொட்டி டின்னில் கிடந்த கடிதம்

முருகனை நம்பி இருக்கும் உங்கள் எல்லாருக்கும் இந்தப் பாக்கியத்தின் வணக்கம். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன ஒருத்தியின் அனுபவம் இது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதில் கடைசி நாலு வருஷம் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தேன். முதல் பதினொரு வருஷத்தைவிட அந்த நாலு வருஷம்தான் என்னை அதிகமாக வாட்டியது.

மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் கணவர் மாணிக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்கு ஆயாக் கொட்டகையில் வேலை. காலையில் தாய்மார்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை என் கையில் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போவார்கள். பால் காய்ச்சிக் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன், ஒரே சமயத்தில் மூன்று தொட்டில் ஆட்டுவேன். மத்தியானம் ஆனால் அவரவர் பிள்ளையை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டகை காலியாகிவிடும். நான் உட்கார்ந்து தொட்டில் துணிகளைத் துவைப்பேன். தினமும் அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டம்.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இனி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து லயத்து வீட்டில் ஆறாவது பிள்ளை உண்டாகியிருந்த ஒரு பெண், "அக்கா, இத நீங்க வளத்துக்குங்க" என்றாள். தூளி கட்டி வைத்தேன். பிள்ளை பிறந்தது. முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தூளியை நானே அவிழ்த்து மடித்தேன்.

கொட்டகையைப் பார்வையிட மிஸஸ் நடேசன் என்று ஓர் அதிகாரி வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். கண்டிப்பானவர், ஆனால் மனசு இளகியவர். அவர்தான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்கியம், திருச்சிப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லம் இருக்கு. அங்கயிருந்து முறையாக் கோர்ட் மூலமா எடுக்கலாம். நான் எழுதித் தாறன்" என்றார். அது 1977.

கல்யாணப் பத்திரம், போலீஸ் நற்சான்று, டாக்டர் சான்றிதழ், வீட்டைப் பார்த்து எழுதிய அறிக்கை, நாங்கள் இருவரும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம், எல்லாம் கப்பலேறிப் போயின. எங்களுக்குப் பொருத்தமான பிள்ளையை இல்லத்தில் பார்த்துவிட்டு, அதன் படம், வயது, உடல்நிலை எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் அனுப்புவார்கள். இரண்டு மாதத்துக்குள் நாங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகுதான் அங்கே கோர்ட், இங்கே குடிநுழைவு அனுமதி. படம் வைத்து வரும் அந்தக் கடிதத்தை நாங்கள் பிள்ளைக் கடிதம் என்று சொல்லிக்கொண்டோம்.

மறு வருஷம் கடிதம் வந்தது. மூன்று மாத ஆண் குழந்தை. கட்டைவிரல் அளவு படம். அன்றைக்கே சம்மதம் எழுதிப் போட்டோம். குமரன் என்று பேர்கூட வைத்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தை தவறிவிட்டதாம்.

கையால் தொடாத பிள்ளைக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால்தானே? மறுநாளும் கொட்டகைக்குப் போனேன். மூன்று தொட்டில் ஆட்டினேன்.

இன்னொரு பிள்ளை அமையும்போது தாங்களே தெரிவிப்பதாகவும், அடிக்கடி எழுத வேண்டாம் என்றும் இல்லத்தில் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே காத்திருந்தோம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஈப்போ குகைக்கோயில் முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை விரதம். செவ்வாய்க்கிழமை விரதம். தோட்டத்து ஆபீசுக்குத் தபால் பை வரும் நேரம் பார்த்து ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். அங்கே கணக்கெழுதும் கிராணி என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுவார். கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

1980 தொடக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். துண்டு துண்டாகப் பிரித்தார்கள். லயத்து ஜனங்கள் மூலைக்கொருவராகப் போனார்கள். நாங்கள் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்குக்கு வந்தோம். அவருக்குப் பலகை ஆலையில் வேலை. எனக்கு அதே ஆலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. புது முகவரியை இல்லத்துக்கு எழுதிப் போட்டோம். மிஸஸ் நடேசனும் அப்போது தெலுக் இந்தானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. நான் மறுபடி எழுதலாம் என்றேன். "சும்மா தொந்தரவு பண்ணாதலா. இருந்தா அவங்களே எழுத மாட்டாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் சலித்துப் போயிருந்தது. பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். சாப்பிடுவோம், வேலைக்குப் போவோம், வருவோம். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இருக்காது.

1981 தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கவில்லை. விரதமும் இல்லை. அவர் வற்புறுத்தியதால் கூடப் போனேன். கோயிலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக மனம் வரவில்லை. காவடிகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. உருமி மேளம் காதைப் பிளந்தது. நான் மனசுக்குள் சொன்னேன்: "முருகா, என்னால முடியல. இனிமே கேக்க மாட்டேன். குடுத்தா குடு, இல்லேன்னா விடு."

அதைப் பிரார்த்தனை என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. வெறும் அலுப்புதான்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பார்த்தால் அஞ்சலை. எங்கள் பழைய லயத்துக்காரி. தூளிக்குப் பிள்ளை தருவதாகச் சொன்னாளே, அவளேதான். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினாள். திடீரென்று, "அக்கா, ஒங்களுக்கு ஏதோ கடுதாசி வந்து கெடக்குன்னு சூசையண்ணே சொன்னாரே, போய் வாங்கலியா?" என்றாள்.

"என்ன கடுதாசி?"

"யாருக்குத் தெரியும்? இண்டியா ஸ்டாம்பாம். ரொம்ப நாளா வச்சிருக்காராம் லா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். எல்லாரும் போன பிறகு சூசையண்ணன் மட்டும் அங்கே காவல் வேலைக்குத் தங்கியிருந்தார். ஆபீசைப் பூட்டிய பிறகும் சில நாள் தபால்காரர் பழைய பழக்கத்தில் கடிதங்களை வாசல் கேட்டில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். "மழையில நனையுதேன்னு எடுத்து ரொட்டி டின்னுல போட்டு வச்சேன். யாராச்சும் வருவீங்கன்னு பாத்தேன். நீங்க எங்க போனீங்கன்னு எனக்குத் தெரியாதே தங்கச்சி" என்றார்.

ஏழெட்டுக் கடிதங்களுக்கு அடியில் எங்கள் கடிதம் இருந்தது. பிப்ரவரி 1980 என்று போட்டிருந்தது. நாங்கள் வீடு மாறிய அதே மாதம். எங்கள் முகவரிக் கடிதம் அந்தப் பக்கம் போகும்போது இது இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

உள்ளே ஒரு படம். ஒரு சின்னப் பெண், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை. பெயர் செல்வி. வயது நாலு. பெற்றவர்கள் குடிசை தீப்பிடித்ததில் போய்விட்டார்கள். இடக்கையில் தீக்காயத் தழும்பு, இரண்டு விரல்கள் மடங்காது. மற்றபடி ஆரோக்கியம். இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு குடும்பம் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

பதினொரு மாதம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் ரோட்டோரத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார். "நான்தானே எழுத வேணாம்னு சொன்னேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைத் தேற்றவும் தெம்பு இல்லை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். நாலு வருஷமாக எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்றுதான் கேட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கும், அதுவும் காத்திருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். "முருகா, எங்க வீடா இல்லாட்டியும் பரவால்ல. இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கெடச்சிருக்கணும்."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தெலுக் இந்தானுக்குப் போனோம். மிஸஸ் நடேசன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "முதல்ல அழுகையை நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும். கடிதம் போட்டா நாளாகும். தந்தி அடிப்பம்" என்றார். அவரே எங்களைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

பதில் தந்தி வந்தபோது அவர் ஆலையில் இருந்தார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. முனைக் கடைச் சீன அம்மாவிடம் ஓடினேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "புடாக் மசீ அடா சானா" என்றாள். பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அரிசி மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரு கிளாஸ் பார்லித் தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்தது நினைவிருக்கிறது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில்லை.

கோர்ட்டு, அனுமதி என்று இன்னும் ஆறு மாதம் ஆனது. பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். இல்லத்தை நடத்தும் அம்மா நடந்ததைச் சொன்னார். நாங்கள் அனுப்பிய முகவரிக் கடிதத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால், எங்களுக்கு விருப்பமில்லை என்று எண்ணிச் செல்வியை இரண்டு குடும்பங்களுக்குக் காட்டினார்களாம். ஒரு குடும்பம் கையைப் பார்த்து வேண்டாம் என்றது. இன்னொரு குடும்பம் சம்மதித்துவிட்டு, கடைசியில் கைக்குழந்தைதான் வேண்டும் என்று போய்விட்டது. "உங்க படத்த முன்னாடியே அவகிட்ட காட்டிட்டோம். அது தப்புதான். தபால்காரர் வர்றப்பெல்லாம் வாசலுக்கு ஓடுவா" என்றார் அந்த அம்மா.

செல்வியைக் கூட்டிவந்தார்கள். ஐந்தரை வயது. இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். என்னையே பார்த்தாள். படத்தில் பார்த்த முகமா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

"நீங்கதான் மலேயா அம்மாவா?"

"ஆமா கண்ணு."

"ஏன் லெட்டரே போடல?"

கப்பலில் ஐந்து நாளும் என்னென்னவோ பேசிப் பழகி வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் முன்னால் குந்தினேன். "நீங்க அனுப்பினது வழி தப்பிப் போச்சும்மா. கெடச்சவொடனே வந்துட்டேன்" என்றேன். பிறகு அந்தக் கையை முன்னால் எடுத்து என்னிடம் நீட்டினாள். இதுவும் தெரிந்துகொள் என்பது மாதிரி. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மடங்காத இரண்டு விரலும் என் உள்ளங்கையில் இருந்தன.

எல்லாம் அத்தோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஜெலாப்பாங் வந்த பிறகும் அவள் இல்லத்தில் கொடுத்த துணிப்பையைப் பிரிக்கவில்லை. இரண்டு பாவாடை, ஒரு சீப்பு, ஒரு ஸ்லேட்டு. அலமாரியில் வைக்கப் போனால் கத்துவாள். எங்கே போனாலும் பை தோளில் இருக்கும். திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற பயம். நானும் அவரும் வற்புறுத்தவில்லை. காத்திருந்தோம். எங்களுக்குத்தான் அது பழகிப்போன வேலையாயிற்றே.

நாலு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் கூடையின் பிடி அறுந்துவிட்டது. கயிறு தேடிக்கொண்டிருந்தேன். செல்வி உள்ளே போனாள். பாவாடையையும் சீப்பையும் ஸ்லேட்டையும் கட்டில் மேல் கொட்டிவிட்டு வெறும் பையோடு வந்து நின்று, எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்.

"இதுல வெங்காயம் வாங்கிக்கலாம் லா, அம்மா."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அப்படியே நின்றுவிட்டார்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒழுங்காகச் சண்டை போடுகிறாள், ஒழுங்காகப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

ஏன் அந்தப் பதினொரு மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள். முருகன்தான் கடிதத்தை மறைத்து வைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். குமரன் ஏன் போனான் என்பதும் தெரியாது. அவனுக்காகக் கார்த்திகைதோறும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கைவிட்ட அன்றைக்கும் முருகன் என்னைக் கைவிடவில்லை. ஒரு சூசையண்ணனின் கையாலும், ஓர் அஞ்சலையின் வாயாலும் எனக்குப் பதில் கொடுத்தான்.

இப்போது பிள்ளைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பெண்களை மிஸஸ் நடேசன் என்னிடம் அனுப்பி வைக்கிறார். நான் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. காப்பி போட்டுக் கொடுப்பேன். வீடு மாறினால் உடனே எழுதச் சொல்வேன். அவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

உங்களில் களைத்துப் போனவர்கள் இருந்தால் உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நம்பிக்கை வற்றிப்போனால் அந்தக் களைப்பையே முருகன் காலடியில் வைத்துவிடுங்கள். அதையும் வாங்கிக்கொள்வான். அப்புறம், உங்களுக்காக மட்டும் வேண்டாதீர்கள். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல எங்கேயோ ஒருவர் உங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்கலாம். முதலில் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.