கபூர் பாயும் என் ஜீப்பின் கரும்புகையும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, ஜீப்பின் முன்மூடியைத் திறந்துவைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது கபூர் பாயின் மகன் ரபீக்கிடமிருந்து போன் வந்தது. "மாமா, அத்தா மௌத்தாயிட்டாக" என்றான். அதிகாலைத் தொழுகை முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். பத்து மணிக்கு வருகிறேன் என்று முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முப்பது வருடப் பழக்கத்தில் சொன்ன நேரத்துக்கு அவர் வராமல் போனது அன்றைக்கு மட்டும்தான்.

அப்துல் கபூரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நானும் அவரும் ஒரே வாரத்தில் மெஷின் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தோம். தோல் ஊறவைக்கும் பெரிய டிரம் ஒருநாள் நின்றுபோனது. நான் பெல்ட், பியூஸ், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். டிரம் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். கபூர் பாய் பக்கத்தில் வந்து, "எதுல கோளாறு சவரி?" என்று கேட்டார். ஓடுகிறதே, எதில் இருந்தால் என்ன என்றேன். "அப்ப நாளைக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நின்றது. அன்றிலிருந்தே அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். தொட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிப் பார்த்துவிட்டு யோசிப்பார். அந்த யோசனை முடிவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். தோல் ஷாப்பை விட்டபின் நான் பேகம்பூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தேன். அவர் தன் வீட்டு வாசலிலேயே பழைய பெட்ரோல் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். கார்புரேட்டர் வண்டி என்றால் பழனிப் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து வேலுச்சாமி என்ற தோட்டத்து முதலாளி வருடம் தவறாமல் தன் காரைக் கொண்டுவருவார். இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று அவர் கெஞ்ச, நாலு நாள் ஆகும் என்று இவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து, அதன் முனையில் படிந்திருக்கும் நிறத்தைப் பார்த்தே எஞ்சின் எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுவார். வெளிர் பழுப்பு என்றால் சரியாக எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அந்தக் கண்ணை நம்பித்தான் அத்தனை பேரும் வந்தார்கள்.

என் ஜீப்புக்கு வருகிறேன். அதன் பழைய பெட்ரோல் பம்ப் போய்விட்டதென்று நானே ஒரு எலக்ட்ரிக் பம்ப் வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து கரும்புகை. உட்கார்ந்தால் பெட்ரோல் நாற்றம். ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் கார்புரேட்டரைக் குறை சொன்னார்கள். அதைப் பிரித்துக் கழுவி, உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றியும் புகை குறையவில்லை. கபூர் பாய் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கார்புரேட்டர் என்னய்யா பண்ணும்? அது மடக்கு மடக்காக் குடிக்கிற சாதி. நீ குடத்தைக் கவுத்துற" என்றார். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி ஓர் ஊசியால் வழியை அடைத்துவிடும். என் பம்ப் தள்ளிய வேகத்தில் அந்த ஊசியால் அடைத்து நிற்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெகுலேட்டரையும், அதை அளக்க ஒரு மீட்டரையும் மாட்டினார். டயருக்குக் காற்றுப் பிடிக்கிற கணக்கில் சொன்னால், ஆறு பாயிண்ட் வந்துகொண்டிருந்தது. மூன்று போதும். மிதவையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து சரிசெய்து கார்புரேட்டர் மூடியைப் பூட்டினார். "இனி இதை மறந்துரு. ரெகுலேட்டரை மட்டும் தொடுவோம். ஒரு நாளைக்குக் கால் திருப்பு" என்றார். கால் திருப்பு திருப்பிவிட்டு, தாடிக்கொம்பு வழியாக அகரம் வரை ஓட்டி வந்து, எஞ்சினை அணைத்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மறுநாள் அடுத்த கால் திருப்பு. ஒரேயடியாக மூன்றுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டால் மீட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். மூன்று நாள் பொறுத்தேன். புகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வந்தது.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனபிறகு நான் அந்த வேலையைச் செய்தேன். மிதவையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று மூடியைத் திறந்து, ஊசியைத் தள்ளும் சிறு தகடான மிதவையின் நாக்கை வளைத்தேன். மூடியைக் கழற்றி எடுத்தால் மிதவை தலைகீழாக வரும். மேல் எது, கீழ் எது என்பதில் தடுமாறி, இறக்குவதாக நினைத்து ஏற்றி, பெட்ரோல் இன்னும் அதிகமாக நிறையும்படி செய்துவிட்டேன். காயில் கட்டுகிறவனுக்குக் கார்புரேட்டரில் என்ன வேலை!

ஐந்தாம் நாள் பிளக் கரியாக வந்தது. ஆறாம் நாளும் அப்படியே. மீட்டர் மூன்று காட்டியது, பிளக் கறுப்பு. இரண்டுக்கு இறக்கினார். ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் வண்டி இழுத்து இழுத்து நின்றது, ஆனாலும் பிளக் கறுப்பு. மறுபடி மூன்றில் வைத்துவிட்டு, மீட்டர் பொய் சொல்கிறதோ என்று ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ்ஸில் போய் வேறொரு மீட்டர் இரவல் வாங்கி வந்தார். அதுவும் மூன்றையே காட்டியது. பத்தாம் நாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சவரி, மூடியைத் தொறந்தியா?"

"இல்ல பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டிரம் நின்ற நாளின் ரோஷமா, வயதுக்குப் பொருந்தாத வெட்கமா, தெரியவில்லை. திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும், நாலு வசவோடு நானும் தப்பியிருப்பேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை. நான் இல்லையென்று சொன்னபிறகு திறந்து பார்ப்பது என்னைச் சந்தேகப்படுவது ஆகிவிடும் அல்லவா? அதனால் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

அடுத்த பத்து நாளும் பிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், தூரத்தில் பிடிப்பார், சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். "எனக்குக் கறுப்பாத் தெரியுது. உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார். கொஞ்சம் பழுப்பாகவும் இருப்பதுபோல இருக்கிறது என்று நான் மழுப்புவேன். போன வாரம் வேலுச்சாமி காரோடு வந்து நின்றார். கபூர் பாய் வண்டியைத் தொடவில்லை. "என் கண்ணு சரியில்ல. வேற ஆளைப் பாத்துக்கங்க, கோவிச்சுக்காதீக" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் அதே வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் அவருடைய மய்யித்தை வைத்திருந்தார்கள். தொழுகைக்கு முன்னால் பிள்ளைகள் ஊரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். ரபீக் எழுந்து, "எங்க அத்தா யாருக்காச்சும் ஏதாச்சும் தப்புச் செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க" என்றான். மன்னித்தோம் மன்னித்தோம் என்று பல குரல்கள் எழுந்தன. அவருக்குத் தப்புச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும்போது வேலுச்சாமி என் பக்கத்தில் நடந்து வந்தார். "நல்ல மனுசனுங்க. கடைசியில கண்ணு மங்கிப்போச்சு, பாவம். ஒரு ஜீப்பைக்கூடச் சரிபண்ண முடியலைங்களாம்" என்றார். முன்னால் போன இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊர் முழுக்க இப்போது இதுதான் பேச்சு. முப்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த பேர் அவருடையது. அது என் ஒரு பொய்யால் போகிறது.

அங்கேயே வேலுச்சாமியை நிறுத்தி நான் செய்ததைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேகமாக நடந்துவிட்டார். மறுநாள் ரபீக்கிடமும் அவன் அம்மாவிடமும் சொன்னேன். அவன் அம்மா, "கண்ணாசுபத்திரிக்குத் திங்கக்கெழம போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாகளே, தம்பி" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மிதவையை அவர் அளந்த உயரத்துக்கே கொண்டுவந்து, மூன்று பாயிண்டில் வைத்து ஓட்டினேன். புகை நின்றுவிட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. கபூர் பாயைப் பற்றி இனி யார் என்ன பேசினாலும் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். தோற்றது அவருடைய கண் அல்ல, என்னுடைய நாக்கு.

போய் வாருங்கள் பாய். நீங்கள் கறுப்பு என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அது கறுப்பாகத்தான் இருந்தது.