வீட்டுக்கு ஒரு கக்கூசு

ஊருக்கு நல்லது சொல்லப் போகிறவனுக்கு முதலில் கிடைப்பது பட்டப்பெயர். எனக்குக் கிடைத்தது ‘கக்கூசு ஓவசியர்’. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீடு வீடாகப் போய், மலசலகூடத்துக்குக் குழி வெட்டுங்கள் என்று சொல்வதுதான் அந்த நாளில் என் உத்தியோகம். காட்டிலும் கரையிலும் போகிற மலத்திலிருந்து கொழுக்கிப்புழு வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது, இருந்து இரத்தம் குடிக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் வெளிறிப்போய்ச் சுருண்டு கிடக்கிறார்கள் என்று நான் சொல்லாத வேலிப்படலை இல்லை. அம்மைப்பால் குத்தப் போய் நாய்க்கடி வாங்கியவர்களே, இரும்புக் கலப்பையைக் காட்டப் போய் ஏச்சு வாங்கியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

போடியாரின் பூட்டு

வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு போடியார் இருந்தார். அந்த வட்டையில் பாதி வயல் அவருடையது. பெரிய மனிதன் செய்தால் ஊர் செய்யும், ஆகவே முதலில் பெரிய மனிதனைப் பிடி என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பிடித்தேன். அவரும் மறுக்காமல் கட்டினார். கல்லால் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மரக்கதவு எல்லாம் வைத்து, தெருவுக்குத் தெரிய முன்வளவிலேயே கட்டினார். நான் பைசிக்கிளில் பறந்துபோய் அயலூர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிவந்தேன்.

அறுவடை முடிந்து மறுபடி போனபோது அந்தக் கதவில் பித்தளைப் பூட்டுத் தொங்கியது. போடியார் செம்பும் கையுமாகப் பற்றைக்காட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். அவருடைய வயல்காரர்களில் ஒருவன்கூடக் குழி வெட்டவில்லை; துரைமார் வருகிற வீட்டுக்குத்தான் அது தேவை என்று விளங்கிக்கொண்டார்களாம். எனக்குத் தலை கொதித்தது. கட்டிப் பூட்டவா இவ்வளவு பாடு என்று கேட்டேன். போடியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “விசர்க்கதை கதையாதீங்க தம்பி, துரை வந்து பாக்கிற சாமான நாங்க அழுக்காக்கலாமா?”

சட்டத்தில் உள்ள ஆழம்

என் மேலதிகாரி பட்டணத்தில் இருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு அளவுத்தடியோடு வருவார். குழி அந்தத் தடியின் ஆழம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரனுக்குக் கோடு, வழக்கு, தண்டம். அந்த அளவை எந்த மலைநாட்டில் கண்டுபிடித்தார்களோ தெரியாது. தேற்றாத்தீவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கையால் மணலைக் கிளறினாலே தண்ணீர் வரும். “ஐயா, இவ்வளவு ஆழம் போனால் மாரியில் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். இங்கே மண்ணைப் போட்டு உயர்த்தி, கிணற்றுக்குத் தூரமாகக் கட்டச் சொல்வோம்” என்றேன். “சட்டத்தில ஆழம் இருக்கு. மேடு இல்ல” என்றார். மறுபடியும் சொன்னேன். உன்னைக் காட்டுப்பக்கம் மாற்றிவிடுவேன் என்றார்.

கோட்டுக்குப் பயந்து சனம் வெட்டியது. சின்னச் சின்ன வளவுகள். கிணற்றடியை விட்டால் வேறு இடமில்லை. மாரி பிறந்து வாவி பெருகியதும் குழிகள் நிரம்பி வழிந்தன. ஊரெல்லாம் வயிற்றோட்டம். கருவாடு விற்கிற வள்ளிப்பிள்ளையின் கடைசிப் பெண் இரண்டு நாளில் போய்விட்டாள். இன்ஸ்பெக்டருக்கு அந்த வாரம் முழுக்க மூக்கொழுகும் தடிமன். கிணற்றுக்குப் போடுகிற மருந்தோடு நான்தான் போனேன். வள்ளிப்பிள்ளை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் படலையைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “முந்தி கடக்கரைக்குத்தான் போன நாங்க. கிணத்தடிக்குக் கொண்டுவந்து தந்தது நீங்கதானே, மனே.”

அன்று பட்டணத்துக்குத் திரும்பி இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் நின்று நான் பேசிய பேச்சை எந்த அச்சுக்கூடமும் அடிக்காது. அவர் தடியைத் துடைத்து மூலையில் சாத்திவைத்துவிட்டு, “உணர்ச்சிவசப்படாதேயும். குழி சரியான அளவுதானே?” என்றார்.

யப்பான்காரன் புண்ணியம்

சொன்னபடியே என்னைக் காட்டுப்பக்கம் அனுப்பினார். உன்னிச்சைக் குளத்தடியில் நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு குழி விழவில்லை. குழிக்கு வரி வரப்போகிறது என்று எவனோ கட்டிவிட்ட கதை எனக்கு முன்னால் ஓடியது. பிறகு யுத்தம் வந்தது. ஒரு நாள் கடல் பக்கமிருந்து யப்பான்காரன் போட்ட குண்டுச் சத்தம் கேட்டது. அடுத்த கிழமை நான் போனால் வளவுக்கு வளவு குழி! நல்ல ஆழம், மேலே மரக்குற்றிகூட அடுக்கியிருந்தது. சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றுக்குள் பாய் விரித்திருந்தது. இன்னொன்றுக்குள் ஒரு நெல்மூட்டையும் இரண்டு கோழிகளும் இருந்தன. பிள்ளைகளின் இரத்தத்தை வருசம் வருசமாகக் குடிக்கிற புழுவுக்குப் பயமில்லை, ஒரு நாள் கேட்ட சத்தத்துக்கு இவ்வளவு பயமா என்று கத்தினேன். ஒரு கமக்காரன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “குண்டுக்கு ஒளிக்கிறதா, புழுவுக்கு ஒளிக்கிறதா? ரெண்டுக்கும் ஒரே குழி எண்டா நாறுமே ஓவசியர்!”

வேலிக்கு அந்தப் பக்கம்

யுத்தம் முடிந்து என்னைத் திரும்பக் கரைப்பக்கம் மாற்றினார்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒரு புடவை முதலாளிக்கு நான் வருசக்கணக்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவரும் தேத்தண்ணி தந்து கொட்டாவி விடுவார். ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருக்க, கிடுகு வேலிக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வெடித்தது. முகத்தை நான் கண்டதில்லை. “விடியமுந்தி ஒருக்கா, இருட்டின பொறகு ஒருக்கா. நடுவுல வயிறு நொந்தா நாங்க எங்க போற? அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கிறல்ல. இத்தின வருசமும் ஆம்புளையளோட மட்டும் பேசித் திரியிறீங்களே, எங்களிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா தம்பி?” முதலாளி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

மூத்த மகளுக்குச் சீதன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் மேசனைக் கூப்பிட்டு, வளவின் பின்மூலையில் மண்ணை உயர்த்தி ஒன்று கட்டச் சொன்னாள். எப்படி என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொல்லிக்கொடுத்தேன். கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைக் கண்டார்கள். மாப்பிள்ளையின் தாய் தன் மகளின் வீட்டுக்கும் கேட்டாள். பிறகு அத்திவாரம் போடும்போதே மேசன்மார் “கக்கூசு எந்தப் பக்கம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். மேசன்மாரோடு அது தமிழ் ஊர்களுக்கும் போனது. தேற்றாத்தீவிலும் மேடு கட்டி எழும்பியது, வள்ளிப்பிள்ளையின் வளவிலும்தான். எனக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை.

அது பரவிய நாட்களில் நான் காய்ச்சலில் கிடந்ததால் காத்தான்குடிப் பக்கம் போகவில்லை. எழும்பி நடமாடத் தொடங்கியதும், நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்ல அந்த வேலியடிக்குப் போனேன். பதில் உடனே வந்தது: “நீங்க வராம இருந்தீங்க தம்பி, அதான் ஆம்புளையளுக்கு வீம்பு பிடிக்கல்ல.”

சில மாதம் கழித்துப் பட்டணத்தில் ஒரு கூட்டம். மாவட்டமெங்கும் கக்கூசு பெருகியதற்காக இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டார்கள். தன் கண்டிப்பால் வந்த வெற்றி என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஒரு புதுமை ஊருக்குள் பரவ எவ்வளவு காலம் எடுக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், அதைப் பரப்ப அனுப்பப்பட்டவர்கள் களைத்துப்போகும்வரை என்றுதான் சொல்கிறேன்.