பேச வராத அப்பா

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர், “ஏனுங்க கண்ணு, நாகலூர் பஸ் போயிருச்சுங்களா?” என்றார். அப்படியே அப்பாவின் பேச்சு. நான் அதை விட்டு இருபது வருஷமாகிறது.

ஏழாம் வகுப்பில் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். இங்கிலீஷ் பள்ளி. “அங்க வாயே தொறக்காதீங்கப்பா, நம்ம பேச்சைக் கேட்டாச் சிரிப்பாங்க” என்று வழியெல்லாம் சொன்னேன். “சரி சாமி” என்றார். காப்பித் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு, டீச்சருக்குக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பையோடு நின்று, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்பாவுக்குப் பேச வராதா?” என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

“வராது மிஸ்” என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பள்ளி முடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் ஊமையாகவே வந்து போனார்.

“போயிருச்சுங்களா கண்ணு?” பெரியவர் மறுபடி கேட்டார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.