கதவில் ஒட்டிய ஆன்டெனா

என் அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் கடைக் கண்ணாடிகளில் நீங்கள் படிக்கும் பெயர்களும், வண்டிகளின் முதுகில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களும் அவள் ஒட்டியவைதான். நான் அவள் தம்பி. கல்லாவிலும் ஏணியிலும் மாறி மாறி நிற்பவன். சம்பளத்தைவிடத் திட்டு அதிகம் வாங்குபவன்.

அக்காவுக்கு ஒரே பைத்தியம், அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவள். தலைக்கு மேலே போகும் குட்டிச் செயற்கைக்கோள் வழியாக, கடல் தாண்டி இருக்கும் முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டும் அவளுக்கு. அது ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம்தான் நம் வானத்தில் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் தும்மிவிட்டால் கூடப்பிறந்த பாசமெல்லாம் காற்றில் போய்விடும்.

சிக்கல் ஆன்டெனாவில்தான். மாடியில் ஒரு கம்பிகூட நிற்கக் கூடாது என்று கட்டடச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது கடையின் கண்ணாடிக் கதவு. அதன் அகலம் முக்கால் மீட்டர். அவளுக்கு வேண்டியதோ நீளத்திலும் அகலத்திலும் ஒரு மீட்டர். அப்போதுதான் ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு வந்தாள், ஃப்ராக்டல் ஆன்டெனாவாம். கம்பியை நேராக விடாமல் மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அதே மடிப்பைச் சின்னதாகப் போட்டுக்கொண்டே போனால், நீளமான கம்பி சின்ன இடத்தில் அடங்கிவிடும். செம்புத் தகடு ஒட்டிய ஸ்டிக்கரை மெஷினில் கொடுத்துப் புத்தகத்தில் இருந்த படத்தை வெட்டினாள். கதவின் உள்பக்கம் ஒட்டி, ஒயரை ரேடியோவில் சொருகினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு அம்மா அதே டிசைனைத் தன் காருக்குக் கேட்டார்.

ரேடியோவில் கேட்டதென்னவோ இரைச்சல்தான். செயற்கைக்கோள் நகர நகர நான் கதவை ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி ஆட்ட வேண்டும். மூன்று வாரம் ஆட்டினேன். வாடிக்கையாளர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரேடியோ சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர் வீட்டு மாடியில் மோட்டார் வைத்துத் திரும்புகிற ஆன்டெனா உண்டு. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அது ஆன்டெனா இல்லம்மா, அலங்காரம்."

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அதுல ஒருத்தர்கிட்டயாவது பேசிக் காட்டுறேன். இல்லேன்னா என் ரேடியோவ நீங்களே எடுத்துக்கங்க, டாக்டர்."

கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் கேட்பது "எப்பக் கிடைக்கும்?" என்பதைத்தான். நீங்க யாரு என்று அவளைக் கேட்பவர்கள் அந்த ரேடியோவில் மட்டும்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை கடைசி வாய்ப்பாகச் செயற்கைக்கோள் வருவது பதினொன்றரைக்கு. டாக்டர் கையில் காலிப் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. கதவை ஆட்டினேன். இரைச்சல். அக்கா கூப்பிட்டாள். மறுபடியும் இரைச்சல். நாலு நிமிஷம் போனது.

"நீ பண்ணும்மா, நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று டாக்டர் எழுந்தார். என்னை ஒதுக்கிவிட்டுக் கதவை வெளியே தள்ளினார். லேசாகத் தள்ளத் தெரியாத மனிதர். கதவு முழுக்கத் திரும்பி, உள்பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு, சுவரை முட்டப் போனது. முட்டாமல் இருக்க அதன் விளிம்பைப் பிடித்தார். ரேடியோவில் நாலு பேர் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது!

"டாக்டர், அசையாதீங்க!" என்று அக்கா அலறினாள். நாற்பது வருஷம் அடுத்தவரிடம் அதையே சொன்ன மனிதர், பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கண்ணாடிக்கு உள்ள ஒட்டுறதுன்னா கை தானா இடம் வலம் மாத்தி வெட்டிடுதேடா!"

வெளியே நின்று படிக்கிறவர்களுக்காக எழுத்தை இடம் வலம் மாற்றி வெட்டுவது எங்கள் தொழில் பழக்கம். புத்தகத்துப் படமோ உள்ளே நின்று பார்க்கிற படம், மாற்றியிருக்கவே கூடாது. அந்தச் செயற்கைக்கோளின் அலை வலப்பக்கம் சுழன்று வரும். அக்கா மாற்றி வெட்டியதால் எங்கள் ஆன்டெனா இடப்பக்கச் சுழற்சிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. கதவு முன்பின்னாகத் திரும்பியதும் அந்தச் சுழற்சியும் வலப்பக்கமாக மாறிவிட்டது.

அக்கா உரிமத்தோடு கொடுத்த எழுத்துகளான தன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மற்ற குரல்கள் அடங்கின. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் அவளுடைய அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொன்னாள். சத்தம் பிரமாதமாக வருகிறது, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள்.

அக்கா மைக்கை அழுத்தினாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நான் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு தன் பெயரைச் சொன்னாள். நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து, கை மரத்துப்போன டாக்டர் கத்தினார்: "சரியா எழுதிக்கிட்டாங்களான்னு கேளும்மா!"