அண்ணன் படையலில் போத்தல் வேண்டாம்

அண்ணன் கண்மூடி ஓராண்டாகிறது. இந்த மழையிலும் மலையேறி வந்திருக்கும் உறவுகளுக்குக் கைகூப்பி வணக்கம். இந்த நினைவு மலரை வாசலிலேயே உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பந்தியில் உட்காருவதற்கு முன் வாசித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது.

அண்ணன் பிறந்தது டயகமவில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், கடைசி லயத்தில். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஃபெக்டரி வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கையான நான் படித்தேன். நினைவு மலர் என்றால் எல்லாரையும் தங்கம், வைரம் என்று எழுதுகிறோம். எனக்கு அது வராது. அண்ணன் குடித்தார். கேவலமாகக் குடித்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற சனம் அவரைச் சாக்கடைக் கானில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. அண்ணியார் மகளைத் தூக்கிக்கொண்டு வட்டகொடைக்கு, தாய்வீட்டுக்குப் போனார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விட்டவர்கள் கூட்டம் நடக்கிறது என்று கிளினிக்கில் ஒரு நர்ஸம்மா சொன்னார். அண்ணன் முதல் பஸ்ஸில் போனார். அந்தக் கூட்டத்துக்குப் போர்டு கிடையாது. குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் எதிரே இருந்த சாராயத் தவறணையைக் காட்டினார். அன்றைக்கு அண்ணனை பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள். லயமே சிரித்தது.

மறு ஞாயிறு திரும்பவும் போனார். ஒரு ஆட்டோக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏறுங்க, நானும் அங்கதான் போறேன்” என்றாராம். அப்படித்தான் அந்த இடம் கிடைத்தது. பாதிப் பேச்சு சிங்களத்தில், பாதி தமிழில். மழையோ, மண்சரிவோ, அண்ணன் போகாமல் இருந்ததில்லை. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஹட்டனில் ஒருத்தியை வைத்திருக்கிறான் என்றார்கள். மதம் மாறிவிட்டான் என்றார்கள். குடித்துக் கிடந்தபோது இவ்வளவு பேச்சு இருக்கவில்லை.

ஹட்டன் வரைக்கும் எல்லாராலும் போக முடியாது என்று, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை ஞாயிறுகளில் கேட்டு வாங்கினார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விடும் அறை. ஞாயிறு காலியாக இருக்கும். முதல் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. வாசற்படியில் நாலைந்து பேர் போத்தலோடு உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். அண்ணன் உள்ளே தனியாக ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். அண்ணியாரும் மகளோடு திரும்பி வந்தார்.

பெரிய மாமா வீட்டுக் கல்யாணம் வந்தது. அம்மாவின் மூத்த தம்பி வீடு என்று அண்ணன் விடியற்காலையிலிருந்து கதிரை மேசை தூக்கினார், பந்தல் கட்டினார். தாகமாக வந்தவருக்கு மாமா தன் கையாலேயே சர்பத் கொடுத்தார். அதில் பாதி சாராயம். அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொழுது சாய்ந்தபோது அண்ணன் தானாகவே போய் இன்னொரு கிளாஸ் கேட்டார். “இவன் கூட்டம் இவ்வளவுதான்” என்றார் மாமா. அண்ணியார் மறுபடியும் வட்டகொடைக்குப் போனார். இந்தத் தடவை திரும்பவில்லை.

அண்ணன் திரும்ப எழுந்தார். வயிறு வீங்கி, கால் வீங்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி ஹட்டனுக்குப் போனார். ஈரல் அதற்குள் கெட்டிருந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரி வார்டில் கடைசியாக என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தங்கச்சி, என் படையல்ல போத்தல் வைக்க விடாத. செத்தப் பொறகாவது என்னைய விட்டுருங்க.”

கருமாதியன்று சோறு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் படத்துக்கு முன்னால் போத்தல், பக்கத்தில் ஊற்றிய கிளாஸ். செத்தவர் ஆசைப்பட்டதைப் படைப்பதுதானே முறை என்று மாமா நியாயம் சொன்னார். முறை சரிதான். அண்ணன் ஆசைப்பட்டது என்ன என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. போத்தலை எடுத்துப்போய்க் கானில் கவிழ்த்தேன். செத்தவன் வாயில் மண் அள்ளிப் போட்டுவிட்டாள் என்று அன்று ஏசியவர்கள் இன்றும் வந்திருக்கிறீர்கள். வாங்க, சாப்பிடுங்க. ஆனால் பையில் ஏதாவது கொண்டுவந்திருந்தால் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள். படையலில் இன்று பால் ஊற்றாத பிளேன்டீதான்.

நர்ஸம்மாவுக்கு நன்றி. ஆட்டோக்காரருக்கு நன்றி. எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லாமல் வந்து பாடை தூக்கிய கூட்டத்து நண்பர்களுக்கு நன்றி. மகளைக் கூட்டிக்கொண்டு வந்து தூரத்தில் நின்று அழுத அண்ணியாருக்கு நன்றி.

பிள்ளைக் காம்பராவின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிறுகளில் திறந்து, தேத்தண்ணி ஊற்றிவைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். யார் வருகிறார்கள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் முறை. நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரிய மாமா, இன்று உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சர்பத் ஊற்ற வேண்டாம். நானே ஊற்றிக்கொடுக்கிறேன்.

தங்கை