ஒன்றுக்கு நாலு

எங்கள் கரையில் நாணய மாற்று விகிதம் என்று யாரும் சொல்வதில்லை. "இண்டைக்கு ஒண்டுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்போம். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் எத்தனை என்பது அதன் பொருள். சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. அங்கே அகதி முகாமில் வளர்ந்தேன். குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போதே இந்தக் கேள்வி காதில் விழும். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, ஊருக்குத் திரும்பினால் பிழைக்கலாமா என்று பெரியவர்கள் அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் அது ஒன்றுக்கு இரண்டைச் சுற்றியே கிடந்தது. சில வருடம் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே, சில வருடம் கொஞ்சம் மேலே. என் மனது இரண்டு என்றே வைத்துக்கொண்டுவிட்டது. சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பி இத்தனை வருடமாகியும், சந்தையில் மீன் விலை கேட்டால் முதலில் அதைப் பாதியாக்கிப் பார்ப்பேன். அப்போதுதான் மலிவா, விலை கூடவா என்று எனக்கு விளங்கும். கணக்கு முடிவதற்குள் நான் பார்த்துவைத்த பாரையை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முகாமிலிருந்து வந்த பலருக்கும் இந்த வியாதி உண்டு. விலையைக் கேட்டதும் கண் எங்கோ போய் நிற்கிறவரைக் கண்டால், இவரும் அக்கரையில் இருந்தவர்தான் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்பா முகாமிலேயே காலமானார். திரும்பி வந்தது நானும் அம்மாவும் மட்டும். அக்கா வரவில்லை. அவள் அங்கேயே கலியாணம் முடித்தவள். அத்தானுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. தலைமன்னார் வீதியில் இருந்த அப்பாவின் காணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நாங்கள் சிறிதாக ஒரு வீடு போட்டோம். அக்காவின் பாதியில் பற்றை மண்டவிடாமல் நான்தான் வெட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளுக்குப் போன் எடுத்து, எப்ப வாறீங்கள் என்று கேட்பேன். கேட்டுக் கேட்டு ஒருநாள் அவளுக்கு அலுத்துப்போனது.

"ஒண்டுக்கு நாலு ஆகட்டும், வாறன். அப்பதான் கையில இருக்கிற காசு அங்க ஒரு வீடு கட்டக் காணும்."

நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

உப்புக்குளத்தில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. முதலாளி மன்னார்த் தாராபுரத்துக்காரர், முஸ்லிம். சேலைகள் இந்தியாவிலிருந்து வருவதால், காலையில் கடை திறந்ததும் போனில் அந்த எண்ணைப் பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை. அது கூடினால் அவர் முகம் சுருங்கும். எனக்கு உள்ளுக்குள் குளிரும். கூடுவது என்றாலும் ஒரு சதம் இரண்டு சதம், அக்கரைப் பைசாக் கணக்கில்தான். அதை வைத்துக்கொண்டே நான் அக்காவின் பாதியில் வீடு கட்டத் தொடங்கிவிடுவேன். இன்றைக்குக் கூடியதற்கு ஒரு யன்னல். நாளைக்கும் கூடினால் அவள் சமைக்க ஒரு குசினி. கடல் தெரிகிற பக்கமாக விறாந்தை எடுத்து, அதில் ஒரு கதிரை போட்டு, முழுகிவிட்டு வரும் அக்காவை அதில் இருத்தித் தலை உலர்த்தவிடுவேன். மேல் தட்டில் இருக்கும் நீலத்தை எடுங்கோ என்று கேட்டவர்களுக்குச் சிவப்பை எடுத்து நீட்டியிருக்கிறேன்.

லீவு நாட்களில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கரையில் நிற்பேன். அங்கே சிலவேளை போன் அக்கரைச் சிக்னல் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று செய்தி அனுப்பும். என் கால்கள் இந்த மணலில்தான் இருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று போன் சொல்லும். கடல் வெளுத்து, வானமும் வெளுத்து, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத மத்தியானங்கள் அவை. காற்றில் உப்பும் நீராவியும் கலந்து கண் சொருகும். அந்த நேரத்தில் மட்டும் எதையும் பாதியாக்கிப் பார்க்கத் தோன்றாது. நல்ல சுகமாக இருக்கும்.

பிறகு அந்த வருடம் வந்தது. நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. பால்மாவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. எங்கள் ரூபாய் விழத் தொடங்கியது. ஒன்றுக்கு மூன்றைத் தாண்டியது. பிறகு மூன்றரை. முதலாளி கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டுக் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போனைப் பார்த்துச் சிரித்ததை அவர் கண்டுவிட்டார்.

"ஊரே அழுகுது. உங்களுக்கு மட்டும் என்ன தங்கச்சி, வீட்டில கலியாணமா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகையில், இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். நாடு கெட்டால்தான் அக்கா வருவாள் என்றால், கெடட்டும்.

நாலைத் தாண்டிய அன்று ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. கடையின் பின்பக்கம் போய் நின்று போன் எடுத்தேன்.

"அக்கா, ஒண்டுக்கு நாலு! தாண்டியிட்டுது. வாங்கோ."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. "யாரு பாட்டி போன்ல?" என்று அவளுடைய பேத்தி கேட்டது.

"நாலு ஒருநாளும் ஆகாது எண்டு நினைச்சுத்தான் பிள்ளை அப்பிடிச் சொன்னனான்," என்றாள் அக்கா என்னிடம். "நீ கேக்கேக்க இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. என்ர பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாம் இஞ்ச. அதுகளுக்கு அந்தக் காணி எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் யாருக்காகப் பற்றை வெட்டினேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அழாதை," என்றாள் அக்கா. "அங்க சாப்பாட்டுக்கே கஷ்டமாமே. சனம் படகேறித் திரும்ப இஞ்ச வருது, டிவியில காட்டினவங்கள். நீயும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாவன். எப்ப வாறாய்?"

இல்லை, வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இனி இன்னொரு முகாமுக்கு என்னால் முடியாது. ஆனால் அவள் கேட்ட குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

"ஒண்டுக்கு ஒண்டு ஆகட்டும் அக்கா," என்றேன். "வாறன்."

அக்கா சிரிக்கவில்லை.

"சரி," என்றாள். "பாத்துக்கொண்டிருக்கிறன்."